பொழுது சாயுமுன்: வேதத்தில் கூலி



வேத வசனங்கள் அன்றாட வாழ்வுக்கு என்ன சொல்கின்றன என்று பேசும்படி கேட்டிருந்தார்கள். கடலைக் காட்டி "மொண்டு கொடு" என்று கேட்டது போல இருந்தது. அதனால் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கூலி. ஒருவரை வேலைக்கு வைத்தால் அவருக்கு எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது, எந்த முகத்தோடு கொடுப்பது. இதைவிட அன்றாடமான விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்தால் முகம் மலர்கிறது. 91ஆம் சங்கீதம் வந்தால் அது ஆண்டு முழுக்க ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும். லேவியராகமம் 19:13 யாருக்காவது வந்திருக்கிறதா? வராது, அதை யாரும் அச்சடிப்பதில்லை. உன்னிடம் வேலை செய்தவனுடைய கூலி விடியும்வரை உன் கையில் தங்கக் கூடாது என்பது அந்த வசனத்தின் சாரம். அட்டையில் நாம் தேடுவது தேவன் நமக்குத் தர வேண்டியதை. இந்த வசனமோ நாம் இன்னொருவருக்குத் தர வேண்டியதைப் பற்றிப் பேசுகிறது. விற்பனைக்கு உகந்ததல்ல.

அந்த 19ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வயலை அறுக்கும்போது ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரை ஏழைக்கு விட்டுவை என்று 9, 10ஆம் வசனங்கள் சொல்கின்றன. 13இல் கூலி. 14இல் செவிடனை நிந்திக்காதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே. 18இல்தான் நமக்கெல்லாம் மனப்பாடமான அந்தக் கட்டளை வருகிறது: உன்னைப் போலவே அயலானையும் நேசி. அதோடு முடிந்துவிடவில்லை, 35, 36ஆம் வசனங்களில் படிக்கல்லையும் மரக்காலையும் சரியாக வை என்று கடைத்தெருவுக்கு இறங்கிவிடுகிறது. ஆக, அயலானை நேசிப்பது என்ற கட்டளை ஒரு பக்கம் கூலியும் இன்னொரு பக்கம் தராசுமாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நாம் அதை மட்டும் பெயர்த்து எடுத்துச் சுவரில் மாட்டிக்கொண்டோம். யாக்கோபின் நிருபத்தை எழுதியவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் அதிகாரத்தில் அயலானை நேசிக்கும் கட்டளையை ராஜரிகப் பிரமாணம் என்று உயர்த்தினார். ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதினார். லேவியராகமத்தின் ஒரே அதிகாரத்திலுள்ள இரண்டு வசனங்களையும் அவர் பிரிக்காமல் வைத்திருந்தார்.

உபாகமம் 24 இன்னும் கறாரானது. அங்கே கெடு விடியற்காலை அல்ல, சூரிய அஸ்தமனம். காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது: அவன் ஏழை, அந்தக் காசை நம்பியே அவன் உயிர் இருக்கிறது. உன் சகோதரனானாலும் சரி, உன் ஊருக்குள் பிழைக்க வந்த அந்நியனானாலும் சரி, இந்தச் சட்டம் பொருந்தும் என்றும் 14ஆம் வசனம் சேர்த்துக்கொள்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஊர்க் கட்டடங்களில் சாரம் ஏறுகிறவர்களை மனதில் வைத்துக்கொண்டு அந்த வசனத்தைப் படித்துப் பாருங்கள்.

ஒரு இடத்தில் விடியல், ஒரு இடத்தில் அஸ்தமனம் என்று இருக்கிறதே, எது சரி? இந்தக் கேள்வி யூத ரபிமார்களுக்கும் வந்தது. அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் அதற்கு விடை இருக்கிறது. பகல் வேலை செய்தவன் அன்றிரவுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். இரவு வேலை செய்தவன் மறுநாள் பகலுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். முரண்பாடு என்று சொல்லி இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடவில்லை. இரண்டு வசனங்களையும் வைத்துக்கொண்டு இரண்டு ஷிப்டுக்கும் சட்டம் செய்துவிட்டார்கள். வேத ஆராய்ச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நம் நாட்டில் 1936இல் வந்த ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கச் சொன்னது. ஏழு நாள் அவகாசம். மோசே கொடுத்தது ஒரு சாயங்காலம்.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம், அந்தக் காலத்தில் யார் கடைப்பிடித்திருப்பார்கள் என்று கேட்கலாம். 1960இல் இஸ்ரேலின் மத்தியதரைக் கடலோரத்தில், யாவ்னேக்குப் பக்கத்தில் மெசாத் ஹஷவ்யாகு என்ற சிறு கோட்டையில் ஒரு பானை ஓடு கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. எபிரெய எழுத்தில், மையால் எழுதியது. ஒரு கதிர் அறுப்பாளி அங்கிருந்த அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. நான் அறுத்து முடித்தேன், அளந்து களஞ்சியத்தில் சேர்த்தும் விட்டேன். அதற்குப் பிறகு ஷோபாயின் மகன் ஹோஷயாகு வந்து என் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். என்னோடு வெயிலில் நின்று அறுத்தவர்கள் எனக்காகச் சாட்சி சொல்வார்கள். என் மேல் குற்றமில்லை, ஆடையைத் திருப்பி வாங்கித் தாருங்கள். இவ்வளவுதான் செய்தி. எழுதத் தெரிந்த யாரிடமோ அவன் சொல்லி எழுதுவித்திருக்க வேண்டும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிற பதற்றம் வாக்கியங்களில் தெரிகிறது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொல்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதாக இருக்காது. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினாலும் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, அதைப் போர்த்திக்கொண்டுதான் அவன் படுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 22 சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு மறுபக்கம் நிற்கிற மனிதனின் குரல் இந்த ஓட்டில் இருக்கிறது.

இப்போது மத்தேயு 20க்கு வருகிறேன். திராட்சத் தோட்டத்து வேலையாட்கள். விடியற்காலையில் ஒரு கூட்டம், ஒன்பது மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, கடைசியாக ஐந்து மணிக்கு ஒன்று. ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒரே கூலி. பெரும்பாலான பிரசங்கங்களில் இது மரணப் படுக்கையில் மனந்திரும்புகிறவனைப் பற்றிய கதையாகிவிடுகிறது. அல்லது யூதர் முந்தியவர், புறஜாதியார் பிந்தியவர் என்று ஒரு விளக்கம். இரண்டும் பழைய விளக்கங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் கதைக்குள் ஒரு சந்தைவெளி இருக்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள், கணக்குப்பிள்ளை இருக்கிறான், காசு இருக்கிறது. அதையெல்லாம் தாண்டிக் குதித்துப் பரலோகத்துக்குப் போய்விட வேண்டுமா?

அந்தச் சந்தைவெளி நமக்குத் தெரிந்த இடம்தான். எந்த ஊரிலும் காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு முக்கில் கொத்தனார்களும் சித்தாள்களும் நிற்கிறார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, மஞ்சள் பைக்குள் கரண்டியும் ரசமட்டமும். மேஸ்திரி பைக்கை நிறுத்தாமலே "ரெண்டு கொத்தனாரு, மூணு சித்தாளு" என்கிறார். பத்துப் பேர் நெருங்குகிறார்கள். அவர் கண் முகத்தைப் பார்ப்பதில்லை, தோளையும் கையையும் பார்க்கிறது. இளசுகள் முதலில் போய்விடுவார்கள். எட்டரைக்குக் கூட்டம் கரைந்துவிடும். அதற்குப் பிறகு நிற்கிறவர்கள் யார் என்று பார்த்தால், வயதானவர்கள், முந்தின வாரம் காய்ச்சலில் கிடந்தவர்கள், கணவனை இழந்து தனியாக வந்த பெண்கள். ஒன்பதரைக்கு ஒரு டீயைக் குடித்துவிட்டு, மூடியைத் திறக்காத தூக்கோடு பஸ் ஏறிவிடுவார்கள். மாலை ஐந்து மணிவரை நிற்பவர் நம் ஊரில் இல்லை. அந்தக் கதையில் நின்றார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: எங்களை யாரும் கூப்பிடவில்லை. சோம்பேறிகள் பகல் முழுக்க வெயிலில் காத்து நிற்க மாட்டார்கள்.

அந்தக் கூலி ஒரு தெனாரியம். கூலிக்காரர் ஒருவரின் ஒரு நாள் சம்பளம். இந்த அளவை மனதில் பதித்துக்கொண்டால் சுவிசேஷங்களில் பணம் வரும் இடமெல்லாம் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கும். நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு நாள் கூலி. ஐயாயிரம் பேருக்கு அப்பம் வாங்க இருநூறு நாள் கூலிகூடப் போதாது என்று பிலிப்பு கணக்குச் சொன்னார். சீஷர்களில் மனக்கணக்குப் போடத் தெரிந்தவர் அவர். இயேசுவின்மேல் ஊற்றிய பரிமளத் தைலம் முந்நூறு நாள் கூலிக்கு மேல் பெறும் என்றார்கள். ஓய்வுநாள்களைக் கழித்தால் கிட்டத்தட்ட ஒரு வருட உழைப்பு. மன்னிக்காத ஊழியக்காரன் கதையில் அவனுக்கு மன்னிக்கப்பட்டது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம் என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் ஆண்டுக்கு வந்த வருமானமே 200 தாலந்து என்று வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அதாவது ஐம்பது வருட அரசாங்க வருமானத்தை ஒரு வேலைக்காரன் கடன்பட்டிருந்தானாம். கேட்ட கூலிக்காரர்கள் சிரித்திருப்பார்கள். அடுத்த வரியில் அவன் நூறு நாள் கூலிக்காகச் சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். நூறு நாள் கூலி என்பது அவர்கள் எல்லாருக்கும் நிஜமாகவே இருந்த கடன். சிரிப்பு அங்கே நின்றிருக்கும்.

யோசேபஸ் இன்னொரு செய்தியும் தருகிறார். மகா ஏரோது தொடங்கிய எருசலேம் ஆலயத் திருப்பணி, ஆலயம் இடிக்கப்பட்ட கி.பி. 70க்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் முடிந்தது. முடிந்ததும் 18,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஆலயப் பொக்கிஷத்தை ரோமரிடம் இழப்பதைவிட இந்த ஆட்களுக்குக் கூலியாகக் கொடுத்துவிடலாம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். கீழ்ப்புற மண்டபத்தை எடுத்துக் கட்டலாம் என்று மன்னர் இரண்டாம் அகிரிப்பாவிடம் கேட்டார்கள். அவர் அதற்கு இணங்கவில்லை. நகரத்துத் தெருக்களுக்கு வெள்ளைக்கல் பாவிக்கொள்ள அனுமதித்தார். இந்த இடத்தில் யோசேபஸ் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: அந்த வேலையில் ஒருவன் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவனுக்குக் கூலி உடனே கிடைத்துவிடும்.

இது இயேசு உவமை சொல்லி முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தியது. ஆனால் ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் கையோடு கூலி என்பது எருசலேமில் யாரும் கேட்டிராத கற்பனை அல்ல என்பதற்கு இது போதும். வேலையில்லாதவர்களுக்கு வேலை உண்டாக்க ஊர்ப் பணத்தைச் செலவழிப்பது பற்றி அங்கே விவாதமே நடந்திருக்கிறது. நம் நூறு நாள் வேலைத் திட்டத்தைத் திண்ணையில் உட்கார்ந்து கேலி பேசுகிற விசுவாசிகள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கலாம்.

உவமையில் விடியற்காலையிலிருந்து உழைத்தவன் முணுமுணுத்தான். அவனைப் பொறாமைக்காரன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது பிரசங்கியாருக்கு எளிது. எனக்கு அவன்மேல் அனுதாபம் உண்டு. வெயிலைச் சுமந்தவன் அவன்தான். அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எந்தத் தொழிற்சங்கமும் அதைத்தான் கேட்கும். அவனுக்குப் பேசியது பேசியபடி, பொழுது சாயும் நேரத்தில், குறையாமல் கிடைத்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். உபாகமத்தின் சட்டம் அங்கே ஒரு புள்ளி பிசகாமல் நிறைவேறுகிறது. அதற்கு மேல் எஜமான் செய்தது, ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டிலும் அதே அளவு மாவைத்தான் பிசைய வேண்டியிருக்கும் என்று நினைத்தது. வேலையின் நேரத்தைப் பார்த்துக் கொடுப்பது ஒரு கணக்கு, வீட்டு வயிற்றைப் பார்த்துக் கொடுப்பது இன்னொரு கணக்கு. இரண்டும் மோதும்போது என்ன செய்வது என்பதற்கு உவமை சூத்திரம் எதுவும் தரவில்லை. எஜமானுடைய ஒரு கேள்வியோடு அது முடிந்துவிடுகிறது.

அந்த உவமை நெடுந்தூரம் பயணம் செய்தது. ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860இல் பொருளாதாரம் பற்றி எழுதிய கட்டுரைகளுக்கு இந்த உவமையின் சொற்களையே தலைப்பாக வைத்தார். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் படிக்கும்படி அந்தப் புத்தகத்தை நண்பர் ஹென்றி போலக் காந்தியிடம் கொடுத்தார். காந்தி இரவெல்லாம் தூங்கவில்லை. அதே ஆண்டு டர்பனுக்குப் பக்கத்தில் ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவானது. 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் அச்சகத்தை அங்கே கொண்டுபோனார்கள். தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் இருந்த இதழ் அது. அங்கே நிறம், நாடு பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாத ஊதியம், மூன்று பவுன், என்பது திட்டம். திராட்சத் தோட்டத்துக் கணக்கை நிஜமான ஓர் அச்சகத்தில் நடத்திப் பார்த்தவர் ஒரு இந்து. நாம் அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் படம் வரைந்துவிட்டு விட்டுவிட்டோம்.

நம்மவர் யாரும் இல்லையா என்றால், ஜே.சி. குமரப்பா இருக்கிறார். 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், தொழிலால் ஆடிட்டர், காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக வாழ்ந்தவர். சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. வேதத்தையும் கணக்குப் புத்தகத்தையும் ஒரே மேசையில் விரித்து வைத்த தமிழ்க் கிறிஸ்தவர் அவர். நம் சபைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

எரேமியா 22ஐயும் இங்கே சொல்ல வேண்டும். யோயாக்கீம் ராஜா அரண்மனை கட்டினான். விசாலமான மாடியறைகள், பெரிய ஜன்னல்கள், கேதுருப் பலகை, அதன்மேல் செந்நிறப் பூச்சு. வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அவன் தகப்பன் யோசியாவை நினைவூட்டினார். அவரும் உண்டு குடித்து நன்றாகத்தான் இருந்தார், ஆனால் ஏழையின் வழக்கை விசாரித்தார், என்னை அறிவது என்பது அதுதானே என்று கர்த்தர் கேட்பதாக எழுதினார். நம் வீடுகளின் முகப்பில் 'எபெனேசர்', 'யெகோவாயீரே', 'பெத்தேல்' என்று பெயர் பொறிக்கிறோம். 127ஆம் சங்கீதத்தைக் கருங்கல் பலகையில் வெட்டி வைக்கிறோம். வீட்டுப் பிரதிஷ்டையன்று ஆயருக்கு மாலை, வந்தவர்களுக்குப் பிரியாணி. டைல்ஸ் போட்டவரின் கடைசிப் பில் மட்டும் "பிரதிஷ்டை முடியட்டும், பார்க்கலாம்" என்று நிற்கிறது. பணம் இல்லாததால் அல்ல. கொடுத்துவிட்டால் சின்னச் சின்னக் குறைகளைச் சரிசெய்ய அவர் திரும்பி வரமாட்டார் என்கிற பயம். நீதிமொழிகள் 3:28 இந்த மனதை நன்றாக அறிந்திருக்கிறது: கையில் வைத்துக்கொண்டே, நாளைக்கு வா என்று சொல்லாதே என்கிறது. "சில்லறை இல்லம்மா, நாளைக்கு வாங்கிக்கோ" என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் சொல்லாத வீடு நம்மில் எத்தனை? ஜீபே வந்தபிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது.

சொந்தக்காரர்களையே வேலைக்கு வைப்பவர்களுக்கு லாபானின் கதை இருக்கிறது. மருமகனின் கூலியைப் பத்துமுறை மாற்றிய மாமனார். இருபது வருடம் பகலில் வெயிலும் இரவில் குளிருமாகக் கிடந்தேன் என்று யாக்கோபு குமுறுகிறான். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேட்பவர்களில் பாதிப்பேருக்கு லாபானைத் தெரியும், மீதிப்பேர் லாபானாகவே இருப்பார்கள்.

கூலியைப் பற்றித் தமிழில் பேசிவிட்டு 1968ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கூலியாக அளக்கும் நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்டு, சங்கமாகச் சேர்ந்து நின்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அது கிறிஸ்துமஸ் இரவு. அன்று காலையில் நாடெங்கும் ஆலயங்களில் தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்ட பிள்ளையைப் பற்றிப் பிரசங்கம் நடந்திருக்கும். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபின் வார்த்தைக்கு விரிவுரை எழுத வேண்டுமானால் நான் அந்தத் தேதியை எழுதுவேன்.

கடைசியாக, நம் வீட்டுக்குள். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்ற வசனக் கருத்து ஊழியக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். காணிக்கைத் தட்டு வரும்போது அது தவறாமல் நினைவூட்டப்படுகிறது. பவுலின் பெயரால் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம், போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற உபாகமச் சட்டத்தையும் அதோடு சேர்த்தே சொல்கிறது. அந்த மாட்டுச் சட்டம் இருப்பது, பொழுது சாயுமுன் கூலி கொடு என்ற அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரத்தில். பிரசங்கியார் 25ஆம் அதிகாரத்தைத் தமக்கென்று எடுத்துக்கொண்டால், 24ஆம் அதிகாரத்தை உபதேசியாருக்கும், ஆலயத்தைப் பெருக்குகிற அம்மாவுக்கும், இரவுக் காவலாளிக்கும் விட்டுத்தர வேண்டும். சபை நடத்தும் சுயநிதிப் பிரிவுகளில் தொகுப்பூதியத்துக்குப் பாடம் நடத்தும் ஆசிரியைகளுக்கும்தான். கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லிவிட்டு ஜூன் மாதம் அவர்களையே ஜெபத்தோடு வகுப்பைத் தொடங்கச் சொல்கிற நிர்வாகங்கள் உண்டு. ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள் என்பது அங்கே வழக்கமான ஆறுதல்.

ஒரு யோசனை சொல்கிறேன். அசனப் பண்டிகை முடிந்ததும் நம் சபைகளில் கணக்கறிக்கை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார், ஏலத்தில் பூசணிக்காய் எவ்வளவுக்குப் போனது என்பதுவரை அதில் இருக்கும். செலவுப் பக்கத்தில் 'சம்பளம்' என்று ஒரே வரியில் ஒரு மொத்தத் தொகை. குமரப்பா போன்ற ஓர் ஆடிட்டர் கையில் அது சிக்கினால் அந்த ஒரு வரியைத்தான் முதலில் பிரிக்கச் சொல்வார்: எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு, ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு அறிக்கையில் இந்த மூன்று பத்திகளையும் சேர்த்து அச்சடிக்க முடியுமா என்று உங்கள் சபைப் பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்டதற்காக யாராவது கோபித்துக்கொண்டால், எந்தப் பத்தியைக் குறித்துக் கோபம் வந்தது என்றும் கேளுங்கள்.